அட்மாஸ்: தலைக்கு மேல் கவியும் ஒலி

ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறவர்கள் இன்று அதிகம் கேட்கும் சொல் அட்மாஸ். தலைக்கு மேலிருந்தும் ஒலியைக் கேட்க வைக்கும் தொழில்நுட்பம் அது. கூரையில் நான்கு ஸ்பீக்கர் பதித்த அறைக்கும் அந்தப் பெயர்தான், டிவிக்குக் கீழே வைக்கும் ஒற்றைச் சவுண்ட்பாருக்கும் அதே பெயர்தான், காதில் செருகும் இயர்பட்ஸுக்கும் அதேதான். மூன்றும் ஒன்றல்ல. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், நம் வீட்டுக்கு இது தேவையா என்பதையும் நாமே முடிவு செய்துவிடலாம்.

கிரேக்க மொழியில் 'அட்மோஸ்' என்றால் ஆவி. 'ஸ்ஃபைரா' என்றால் கோளம். இரண்டையும் சேர்த்து 17ஆம் நூற்றாண்டில் அட்மாஸ்ஃபியர் என்ற சொல்லை உண்டாக்கினார்கள். ஆங்கிலத்தில் அதை முதலில் எழுதியது நிலவைப் பற்றிய பேச்சில் என்பது ஒரு வேடிக்கை, ஏனென்றால் நிலவைச் சுற்றிக் காற்று என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. நம் 'வளிமண்டலம்' கிட்டத்தட்ட அதே கட்டமைப்பு: வளி காற்று, மண்டலம் வட்டம்.

இந்தச் சொல்லை அட்மாஸ் என்று சுருக்கியவர்களில் பிரிட்டனின் வானொலி, திரைப்பட ஒலிக்கலைஞர்கள் உண்டு. ஒரு காட்சியை எடுத்து முடித்ததும் எல்லோரையும் பேசாமல் நிற்கச் சொல்லி, அந்த இடத்தின் வெறும் ஒலியை மட்டும் கொஞ்ச நேரம் பதிவு செய்வார்கள். தூரத்துச் சாலை, மரத்தில் காற்று, அறைக்கு இருக்கும் மெல்லிய இரைச்சல். அதுதான் அவர்கள் சொல்லும் அட்மாஸ். நம் படப்பிடிப்புகளில் ஆம்பியன்ஸ் என்பார்கள். வசனத்துக்கு அடியில் இந்த ஒலியை விரித்து வைத்தால்தான் காட்சி உயிரோடு இருக்கும். எடுத்துவிட்டால் நடிகர்கள் வெற்றிடத்தில் நின்று பேசுவது போல ஆகிவிடும். இந்தப் பழைய பொருளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மேல் ஸ்பீக்கர் போடுவதன் பலன் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

டால்பி நிறுவனம் 2012இல் இதைத் தன் தொழில்நுட்பத்தின் பெயராக வைத்தது. ரே டால்பி 1965இல் லண்டனில் தொடங்கிய நிறுவனம் அது. 2012 டிசம்பரிலேயே சிவாஜி படத்தின் 3டி பதிப்பு அட்மாஸ் ஒலியோடு வந்தது. 2013 தொடக்கத்தில் விஸ்வரூபம் ஆரோ 3டி ஒலியில் வந்தது. அது பெல்ஜியத்தில் உருவான போட்டித் தொழில்நுட்பம். அதாவது தலைக்கு மேலிருந்து வரும் ஒலியின் இரண்டு வகைகளையும் தமிழ்ப்பட ரசிகர்கள் மிகச் சீக்கிரமே தியேட்டரில் கேட்டுவிட்டார்கள்.

அதுவரை இருந்த 5.1இல் (ஐந்து ஸ்பீக்கர், தாழ்ந்த ஒலிக்கென்று ஒரு சப்ஊஃபர்) ஒவ்வொரு ஒலியும் ஒரு ஸ்பீக்கருக்கு எழுதி வைத்தது. இது இடப்பக்கம், இது பின்பக்கம் என்று முன்பே பிரித்துவிடுவார்கள். அட்மாஸில் பல ஒலிகள் தனித்தனிப் பொருளாக வருகின்றன. ஒரு பறவையின் குரலோடு அது அறையில் எந்த இடத்தில், எந்த உயரத்தில் இருக்கிறது என்ற தகவலும் சேர்ந்து வரும். அதை எந்தெந்த ஸ்பீக்கரில் எவ்வளவு ஒலிக்க வைப்பது என்பதை உங்கள் ஏவிஆர், அதாவது ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவர், கணக்குப் போட்டு முடிவு செய்கிறது. தியேட்டரில் 128 தடங்கள் வரை, 64 ஸ்பீக்கர் இணைப்புகள் வரை போகலாம். வீட்டுக்கான வடிவம் 2014இல் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு இன்னொரு போட்டித் தொழில்நுட்பமான டிடிஎஸ்:எக்ஸ் வந்தது.

இப்போது காதுக்கு வருவோம். இது வெறும் வியாபாரத் தந்திரமா, உண்மையிலேயே கேட்குமா என்ற கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

இட வலம் கண்டுபிடிப்பது நமக்குச் சுலபம். வலப்பக்கத்து ஒலி வலக்காதுக்கு முதலில் சேரும். இடக்காதுக்கு ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவான தாமதத்தில் வரும். மூளைக்கு அந்தச் சிறு வித்தியாசம் போதும். ஆனால் நேர் முன்னாலிருந்து வந்தாலும் நேர் மேலிருந்து வந்தாலும் ஒலி இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில்தான் சேர்கிறது. அப்புறம் எப்படி உயரம் தெரிகிறது? காதுமடலின் மடிப்புகளால். ஒலி அவற்றில் பட்டு உள்ளே போகும்போது சில அதிர்வெண்கள் கூடுகின்றன, சில குறைகின்றன. வரும் திசை மாறினால் அந்தப் படிவமும் மாறும். இது பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே நடக்கிற வேலை. 8000 ஹெர்ட்ஸை ஒட்டிய குறுகிய ஒலி, எங்கிருந்து வந்தாலும் மேலிருந்து வருவதாகவே தோன்றும் என்று ஜெர்மானிய ஆய்வாளர் ஜென்ஸ் பிளவர்ட் 1960களின் இறுதியில் காட்டினார்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் தெரிகிறது. மழை, இலைச் சலசலப்பு, பூச்சிகளின் இரைச்சல், பறவைகள் எல்லாம் உயர்ந்த அதிர்வெண் கொண்டவை. இவை மேலே இருக்கின்றன என்பதைக் காது உடனே நம்பும். விமானத்தின் அடித்தொண்டை உறுமல் அப்படியல்ல. அதன் பெரும்பகுதி எப்படியும் சப்ஊஃபருக்குப் போய்விடும். கடையில் போட்டுக் காட்டுவது ஹெலிகாப்டர். அது நாலு விநாடி. படத்தில் மழை பெய்யும் பத்து நிமிடமும் கூரை இருக்கிற இடம் வெட்டவெளியாக மாறுவது இருக்கிறதே, அதற்காகத்தான் இந்தச் செலவு.

சரி, அறை. 5.1.2 என்று எழுதியிருந்தால் முதல் எண் காது மட்டத்தில் இருக்கும் ஸ்பீக்கர்கள், நடு எண் சப்ஊஃபர், மூன்றாவது எண் தலைக்கு மேலே. மேலே நான்கு என்றால் இரண்டு முன்னால், இரண்டு பின்னால், காதிலிருந்து ஏறக்குறைய 45 பாகைக் கோணத்தில். கணக்குப் போட்டுப் பாருங்கள். சோபாவில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து மூன்றரை அடி. கூரை பத்து அடி. மிச்சம் ஆறரை அடி. ஆகவே முன் ஜோடி உங்களுக்கு ஆறரை அடி முன்னால், பின் ஜோடி ஆறரை அடி பின்னால். நம் வீடுகளில் சோபா பெரும்பாலும் சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது. பின்னால் அரை அடிகூட இருக்காது. அந்த ஹாலில் நான்கு ஸ்பீக்கர் என்பது பணத்தைச் சுவருக்குக் கொடுப்பது. இரண்டு போதும், தலைக்கு நேர் மேலே தொடங்கி மூன்று அடி முன்னால் வரைக்குள்.

கான்கிரீட் தளத்தை வெட்டி ஸ்பீக்கர் பதிக்க முடியாது, வெட்டவும் கூடாது. ஃபால்ஸ் சீலிங் இருந்தால் பதிக்கலாம். இல்லையென்றால் தளத்தின் அடியில் சிறிய ஸ்பீக்கரைத் தாங்கியோடு திருகிவிடலாம். புது வீடு கட்டுகிறவர்கள் ஸ்லாப் போடும்போதே எலக்ட்ரீஷியனிடம் சொல்லி ஒயருக்கு பைப் விட்டு வைப்பது நல்லது. ஸ்பீக்கர் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம், பைப் பிறகு விட முடியாது.

மேல் நோக்கி ஒலியை அடித்து, கூரையில் பட்டுத் திரும்ப வைக்கும் ஸ்பீக்கர்களும் உண்டு. காதுமடல் செய்கிற அந்த அதிர்வெண் மாற்றத்தைப் பாவனை செய்யும் வடிகட்டியும் அவற்றில் இருக்கும். இவற்றுக்கு வழுவழுப்பான, தட்டையான கூரை வேண்டும். நம் கான்கிரீட் தளம் இதற்கு நன்றாகவே பொருந்தும். ஓட்டு வீட்டின் சரிவான கூரையிலும், ஒலியை உறிஞ்சும் பலகை ஒட்டிய கூரையிலும் வேலைக்காகாது. பொருந்திய அறையிலும் மேலே ஒரு திறப்பு கிடைக்குமே தவிர, ஒலி எந்தப் புள்ளியில் இருக்கிறது என்ற தெளிவு பதித்த ஸ்பீக்கருக்குச் சமமாக வராது.

இன்னொன்று, மின்விசிறி. மெல்லிய சுற்றுப்புற ஒலிகளை மேலிருந்து கேட்கத்தான் இவ்வளவும் செய்கிறோம். அதே இடத்தில் விசிறி இரைந்துகொண்டிருந்தால் மழைத்தூறலும் இலைச்சத்தமும் அதில் கரைந்துபோகும். படம் பார்க்கும் நேரத்தில் விசிறியை நிறுத்த முடியாத அறையென்றால் மேல் ஸ்பீக்கர் திட்டத்தைத் தள்ளிப்போடலாம் என்றுதான் சொல்வேன்.

அப்படியானால் யாருக்கு இது தகும்? என் கணக்கு இதுதான். வசனம் தெளிவாகக் கேட்கும் நல்ல சென்டர் ஸ்பீக்கர், அதற்கு ஈடான முன் ஜோடி, அறைக்குப் போதுமான சப்ஊஃபர். இவை அமைந்த பிறகு பணமும் கூரையும் இடம் கொடுத்தால், மேலே இரண்டு ஸ்பீக்கர் தாராளமாகப் போடலாம், மகிழ்ச்சி நிச்சயம். ஐந்து நல்ல ஸ்பீக்கருக்கான பணத்தை ஒன்பது சுமார் ஸ்பீக்கருக்குப் பங்கு போடுவது மட்டும் வேண்டாம். மேலே கேட்கும் மழைக்காகக் கீழே கேட்கும் வசனத்தை இழப்பது எந்த வகையிலும் சரியல்ல.

ஓடிடி தளங்களிலும் அட்மாஸ் கிடைக்கிறது, சுருக்கப்பட்ட வடிவில். நெட்ஃபிளிக்ஸில் அதிகபட்சம் விநாடிக்கு 768 கிலோபிட். புளூரே வட்டில் எதுவும் இழக்காத வடிவில் வரும். டிவியின் ஆப்பிலிருந்து ஏவிஆருக்கு ஒலி போக சாதாரண ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ ஒயர் வழியே வெளியே அனுப்பும் வசதி) இணைப்பே சுருக்கப்பட்ட அட்மாஸைக் கடத்தும். புளூரேவின் முழு வடிவத்தை டிவி வழியாக அனுப்பத்தான் அதன் மேம்பட்ட வடிவமான ஈஏஆர்சி வேண்டும். பழைய படங்களை ஏவிஆரே மேலேயும் பரப்பிக் கொடுக்கும் வசதி உண்டு. மழைக்காட்சிக்கு அது நன்றாக இருக்கும், பழைய பாடல்களுக்கு நான் அணைத்துவிடுவேன்.

தமிழில் என்ன சொல்வது? சரவுண்ட் என்ற சொல்லின் வேர் வட்டம் அல்ல. லத்தீனில் மேலே என்பதும் அலை என்பதும் சேர்ந்த சொல் அது. பொங்கி வழிதல் என்பதே முதல் பொருள். ஆங்கிலத்தில் வட்டத்தைக் குறிக்கும் சொல்லின் சாயல் பின்னால் ஏறிக்கொண்டது. அதற்குச் 'சூழொலி' நன்றாக நிலைத்துவிட்டது, மாற்ற வேண்டியதில்லை. ஒலி நம்மை முழுதாக உள்ளே இழுத்துக்கொள்வதைச் சொல்லும் இம்மெர்சிவ் என்பதற்கு 'மூழ்கொலி' என்று எழுதுவதைவிடத் 'தோய்வொலி' எனக்குப் பிடிக்கும். இசையில் தோய்ந்தான் என்கிறோம், மூழ்குவதிலோ மூச்சடைப்பும் சேர்ந்து வருகிறது.

மேலிருந்து வருவதற்கு 'மேலொலி' எளிது, ஆனால் போதாது. மேலே ஒரு புள்ளியில் கேட்டாலும் மேலொலிதான். இருள் கவிந்தது, மேகம் கவிந்தது என்பதில் வரும் கவிதல்தான் இங்கே பொருத்தம்: மேலிருந்து வளைந்து நாலா பக்கமும் மூடுவது. அரசனின் குடையைக் 'கவிகை' என்று வள்ளுவர் 389ஆம் குறளில் சொல்கிறார். இந்த அமைப்புக்குக் 'கவிகையொலி' என்ற பெயரை முன்வைக்கிறேன். அட்மாஸ் ஒரு நிறுவனத்தின் வணிகப்பெயர், அதை அப்படியே எழுதலாம். ஆரோவையும் டிடிஎஸ்:எக்ஸையும் சேர்த்துப் பொதுவாகப் பேசும்போது கவிகையொலி என்றால் பொருள் விளங்கும்.

சவுண்ட்பார் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் பெட்டியில் அட்மாஸ் என்ற எழுத்தைப் பார்ப்பதோடு நிறுத்த வேண்டாம், எண்களைப் பாருங்கள். 3.1.2 என்றிருந்தால் மேல் நோக்கிய இரண்டு ஸ்பீக்கர் உண்டு. 2.1 அல்லது 3.1 என்று மட்டும் இருந்து பக்கத்தில் அட்மாஸ் என்று அச்சிட்டிருந்தால், அந்தக் கருவி அட்மாஸ் ஒலித்தடத்தைப் படித்து, முன்னால் இருக்கும் ஸ்பீக்கர்களிலேயே உயரத்தைப் பாவனை செய்யும். மேலே எதுவும் இல்லை.