லோகோவுக்குள் கிடந்த அல்வா விலை

செங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடைகளுக்கு போர்டு, மெனு கார்டு, வெப்சைட் படம் எல்லாம் வரைந்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஓணத்துக்கு முன்னால் புனலூர்ப் பக்கம் ஒரு பேக்கரிக்கு லோகோ முடித்து எஸ்விஜி ஃபைலாக அனுப்பினேன். மறுநாளே கடைக்காரர் மகன் போன் செய்தான். "சேட்டா, எங்க லோகோவுக்குள்ள எதுக்கு தென்காசிக் கடையோட அல்வா விலை இருக்கு?"

ஃபைலை நோட்பேடில் திறந்திருக்கிறான். அவன் அம்மா வீடு எங்கள் ஊர்தான், தமிழ் நன்றாகவே வாசிப்பான்.

எஸ்விஜி படமாகத் தெரிந்தாலும் உள்ளே வெறும் எழுத்துதான், யாரும் திறந்து படிக்கலாம். நான் பழைய வேலையின் மேலேயே புது டிசைனைப் போட்டு, பழைய லேயரை மறைத்துவிட்டு அப்படியே அனுப்பியிருந்தேன். மறைத்தால் திரையில்தான் போகும், ஃபைலில் கிடக்கும். போதாக்குறைக்கு, முன்பு பிஎன்ஜி எடுத்த ஃபோல்டரின் முழுப் பாதையையும், நான் வரையப் பயன்படுத்தும் இங்க்ஸ்கேப் மென்பொருள் உள்ளே எழுதி வைத்திருந்தது. அந்த ஃபோல்டருக்கு நான் வைத்த பெயர் 'பாக்கி பார்ட்டி'. பையன் அதையும் வாசித்துக் காட்டினான்.

இப்போது எஸ்விஜி ஃபைலைச் சுத்தம் செய்து சுருக்கும் எஸ்விஜிஓ என்ற டூலில் ஓட்டாமல் எதையும் அனுப்புவதில்லை. கம்ப்யூட்டரில் நோட் ஜேஎஸ் மென்பொருள் இருந்தால் அதோடு வரும் என்பிஎம் வழியாக ஏற்றிக்கொள்ளலாம், டெர்மினலில் ஒரே வரி. எடிட்டர் விட்டுப்போன தகவல், கமெண்ட், மறைத்த லேயர் எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிட்டு, கோடுகளின் இடத்தைக் குறிக்கும் தசம எண்களையும் சுருக்கும். என் ஃபைல்கள் பல பாதிக்கும் கீழே வந்துவிடுகின்றன. ஆனால் ஒன்று, வெளியே எழுத வேறு பெயர் கொடுக்காவிட்டால் ஒரிஜினல் மேலேயே எழுதிவிடும், அதில் லேயர் பெயர்கள்கூட மிஞ்சாது. காப்பி எடுத்துவிட்டு ஓட்டுங்கள்.

எண்களைத் தானாக மூன்று தசமத்துக்குச் சுருக்கும், அது போதும். இன்னும் சிறிதாக்கலாமே என்று ஆசைப்பட்டு ஒரே தசமமாகக் குறைத்தேன். 24 அலகு அகலமே உள்ள சின்ன ஐகானில் 'ண' சுழியெல்லாம் நசுங்கிப்போனது, மலையாள எழுத்துக்கும் அதே கதி. பெரிய அலகில் வரைந்த படமென்றால் ஒன்று வைத்தாலும் தெரியாது. அப்புறம், ஃபைலுக்குள் துண்டுகளுக்கு இருக்கும் ஐடி பெயர்களை 'ஏ', 'பி' என்று சுருக்கிவிடும்; இரண்டு லோகோவின் எஸ்விஜி எழுத்தை ஒரே வெப் பக்கத்தில் நேரடியாக ஒட்டினால் ஒன்றின் கிரேடியன்ட், அதாவது நிறக் கலவை, இன்னொன்றில் ஏறிக்கொள்ளும். அதைத் தவிர்க்க ஐடிகளுக்கு முன்னொட்டு போடும் பிளகின் எஸ்விஜிஓவிலேயே இருக்கிறது. உள்ளே போட்டோவை வைத்திருந்தால் அது மட்டும் இளைக்காது, வெளியே இருந்ததைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத்தான் இடம் பிடிக்கும்.

எஸ்விஜிஓவை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டும் இருக்க முடியாது. தாளுக்கு வெளியே ஓரமாக ஒதுக்கி வைத்த துண்டுகளையும், வேறொரு வடிவத்துக்கு அடியில் ஒளிந்திருப்பதையும் அது தானாகத் தொடாது. அவற்றை இங்க்ஸ்கேப்பிலேயே கையால் அழித்துவிட்டு, முடிந்த ஃபைலை நோட்பேடில் திறந்து பழைய கடைப் பெயர் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தபிறகே அனுப்புகிறேன். ஃபோல்டர் பெயரையும் மாற்றிவிட்டேன், பாக்கிதான் இன்னும் வரவில்லை.