ஏறுவதற்காக மாட்டிய இன்ஜின்

"மேட்டுல ஏறவே மாட்டேங்குது தம்பி. இன்ஜின் போச்சு. அதையே ஏன் மறுபடி செய்யணும், பெருசா ஒண்ணு மாட்டிடேன்" என்றார் அவர். 50 சி.சி. ஸ்கூட்டர். வீட்டுக்குப் போகும் வழியில் நீளமான ஏற்றம் ஒன்று. பின்னால் மனைவி உட்கார்ந்தால் பாதியில் வண்டி மூச்சு வாங்கும். நான் அப்போது மெக்கானிக் தொழிலுக்குப் புதிது. 125 சி.சி. இன்ஜின் ஒன்று கைவசம் இருந்தது. மாட்டிக் கொடுத்தேன்.

இன்றைக்கும் மாதம் ஒருவராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். தப்பான கேள்வி இல்லை. ஆனால் இப்போதெல்லாம் ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் நான் வேறு சில கேள்விகள் கேட்கிறேன்.

முதல் கேள்வி, இன்ஜின் நிஜமாகவே போய்விட்டதா? ஸ்கூட்டரில் இன்ஜினுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே ஒரு ரப்பர் பெல்ட் இருக்கிறது. தேய்ந்து அகலம் குறைந்த பெல்ட், முன் புல்லியின் விளிம்புவரை ஏறாது. வேகம் ஓர் அளவோடு நின்றுவிடும். அந்த முன் புல்லியை விரித்துச் சுருக்கி கியர் வேலை பார்ப்பது வேரியேட்டர். அதற்குள் இருக்கும் ரோலர்கள் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்தால் பிக்கப் போய்விடும். கிளட்ச் தேய்ந்தால் இன்ஜின் கத்தும், வண்டி நகராது. இதில் எதுவுமே இன்ஜின் கோளாறு இல்லை. ஆனால் ஓட்டுபவருக்கு எல்லாமே "இழுவை இல்லை" என்ற ஒரே நோயாகத்தான் தெரியும். அடைத்த ஏர் ஃபில்டரும், இடைவெளி இறுகிப்போன வால்வுகளும் இதே கணக்குதான்.

அப்புறம் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம். இன்ஜினைச் சூடாக்கி, பிளக்கைக் கழற்றி, அந்த இடத்தில் கேஜை மாட்டி, ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகியபடி சில முறை சுழற்றிப் பார்க்க வேண்டும். உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்பது சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். குறைவாகக் காட்டினால் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். முள் நன்றாக ஏறினால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் பக்கம் தேட வேண்டும். புகையும் பேசும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று நீலப்புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல். விரல் நுனி அளவு ரப்பர், அதற்காக இன்ஜினை மாற்றுவார்களா? முறுக்கும்போதெல்லாம் நீலம் கக்கினால்தான் ரிங்கைச் சந்தேகப்பட வேண்டும்.

சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத்தில் கொடுத்து ரீபோர் செய்து, அதாவது உட்புறத்தைக் கடைந்து கொஞ்சம் பெரிதாக்கி, 0.25 அல்லது 0.50 மி.மீ. பெரிய பிஸ்டன் போடலாம். உட்புறம் பூச்சு போட்ட அலுமினிய சிலிண்டர் என்றால் ரீபோர் வேலைக்கு ஆகாது, புது சிலிண்டர்தான். "ரீபோர் செய்தால் சி.சி. கூடுமாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. கூடும். 39 மி.மீ. உள்விட்டச் சிலிண்டரை 40 ஆக்கினால், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் (ஸ்ட்ரோக்) 41.5 மி.மீ. என்றால், 49.6 சி.சி. 52.2 ஆகும். சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம், ஏற்றத்தில் தெரியாது.

அதே இன்ஜினில் சிலிண்டரையும் பிஸ்டனையும் மட்டும் பெரிதாக்கும் கிட்டும் கிடைக்கிறது. மேலே சொன்ன இன்ஜினில் 47 மி.மீ. போட்டால் 72 சி.சி. வரும். கிராங்க், பேரிங், கேஸ் எல்லாம் பழையதுதான், வேலை மட்டும் கூடுதல். கார்புரேட்டர் ஜெட்டை மாற்றாமல் விட்டால் பெட்ரோல் போதாமல் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சில கிலோமீட்டர் ஓட்டி பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாக வெளுத்திருந்தால் உடனே நிறுத்த வேண்டும். காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் சரி.

முழு இன்ஜினை மாற்றுவது இதைவிடப் பெரிய சங்கதி. ஸ்கூட்டரில் இன்ஜின், பெல்ட், பின் சக்கரம் மூன்றும் ஒரே துண்டு. அந்தத் துண்டே சேசிஸில் ஊஞ்சல் மாதிரி தொங்கி ஆடுகிறது. ஆகவே இன்ஜினை மாற்றினால் பின் சக்கரம், பின் பிரேக், ஷாக் அப்சார்பர் பொருந்தும் இடம் எல்லாமே மாறுகின்றன. ஜி.ஒய்.6 வகை இன்ஜின்களையே எடுத்துக்கொள்வோம், உலகம் முழுக்க எத்தனையோ பெயர்களில் ஓடுகின்றன. கேஸில் 139 கியூ.எம்.பி. என்று இருந்தால் ஒரு சிலிண்டர், 39 மி.மீ. உள்விட்டம், அதாவது 50 சி.சி. 152 கியூ.எம்.ஐ. என்றால் 125, 157 கியூ.எம்.ஜே. என்றால் 150. ஒரே குடும்பம் மாதிரி தெரியும், ஆனால் 50-இன் கேஸும் 150-இன் கேஸும் வேறு வேறு. 150-லேயே நீளக் கேஸ், குட்டைக் கேஸ் என்று இருக்கிறது. தொங்கும் போல்ட்டின் அகலம், ஷாக்கின் நீளம், சக்கரம் 10 அங்குலமா 12-ஆ என்று டேப் வைத்து அளக்காமல் இன்ஜின் வாங்காதீர்கள். வயரிங்கும் அப்படித்தான். ஸ்பார்க்கை நேரம் பார்த்துக் கொடுக்கும் சி.டி.ஐ. பெட்டி, பழையது, புது இன்ஜினின் காயிலோடு ஒத்துப்போகாமல் நாள் முழுக்க ஸ்பார்க்கைத் தேடி அலைந்திருக்கிறேன். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் அதன் கம்ப்யூட்டரையும் சென்சார்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நான் அந்த வேலையை எடுப்பதில்லை.

இவ்வளவும் செய்து வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் அன்றைக்கு நானும் நினைத்தேன். சமதளத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன், பறந்தது. அவரும் மனைவியை உட்காரவைத்து அந்த மேட்டில் சிரித்துக்கொண்டே ஏறினார். மூன்றாவது மாதம் அதே மேட்டில் இறங்கும்போது முன் பிரேக் பிடிக்காமல் வேலியில் போய் மோதினார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. அவர் மனைவிக்கு நல்லவேளையாகச் சிராய்ப்போடு போயிற்று. டிரம்மைத் திறந்தால் பிரேக் ஷூ கண்ணாடி மாதிரி வழுவழுவென்று கருகி இருந்தது.

கணக்கு எளிது. 50 கி.மீ. வேகத்தில் ஓடும் வண்டியை 70-இல் ஓட்டினால் வேகம் ஒன்றரை மடங்குகூட இல்லை. ஆனால் நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அத்தனையும் சூடாகிறது. 50 சி.சி.க்காகச் செய்த சின்ன டிரம் அந்தச் சூட்டை எங்கே கொண்டுபோய் வைக்கும்? சூடேறினால் பிடிப்பு போய்விடும், லிவரை எவ்வளவு அழுத்தினாலும். பிரேக்கோடு நிற்பதும் இல்லை. இன்ஜின் தொங்கும் இடத்து ரப்பர் புஷ், அதைத் தாங்கும் வெல்டிங், முன் ஃபோர்க் எல்லாம் பழைய எடைக்கும் பழைய இழுவைக்கும் கணக்குப் போட்டவை. டயரின் ஓரத்தில் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆங்கில எழுத்தையும் பாருங்கள்: ஜே என்றால் 100 கி.மீ. வரை, எல் என்றால் 120, பி என்றால் 150.

காகிதம் ஒன்று இருக்கிறது, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் எண் பதிவுச் சான்றில் இருந்தால், அனுமதி வாங்கி அதை மாற்றி எழுதாமல் ஓட்டக் கூடாது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோல் மொபெட் என்றால் 50 சி.சி.க்கு மேல் போகக் கூடாது, வேகமும் 45 கி.மீ.தான். அங்கே இன்ஜினை மாற்றினால் வண்டியின் வகையே மாறும், ஓட்டுநர் உரிமமும் வேறு வேண்டும். பழைய இன்ஜின் வாங்கும்போது எண் ராவியிருந்தால் தொடவே தொடாதீர்கள்.

அப்படியானால் மாட்டவே கூடாதா? அதே நிறுவனம் அதே சேசிஸில் பெரிய இன்ஜின் போட்டு விற்ற மாடல் இருந்தால் மாட்டலாம். அப்போதும் இன்ஜினை மட்டும் வாங்காமல், அந்த மாடலின் முன் ஃபோர்க், டிஸ்க் பிரேக், சக்கரம், வயரிங் எல்லாம் சேர்த்து எடுங்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், ஓடுகிற நிலையில் ஒரு பெரிய ஸ்கூட்டரையே வாங்கும் தொகை வந்துவிடும். அதை வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். எனக்கு ஒரு வேலை போகும், பரவாயில்லை.

அவர் கை குணமானதும் அந்த 125-ஐ இறக்கினோம். மூலையில் கிடந்த பழைய இன்ஜினுக்கு அப்போதுதான் முதல் தடவையாக கம்ப்ரெஷன் கேஜ் வைத்தேன். கொஞ்சம்தான் குறைவு; ரிங் மாற்றியதும் சரியாகிவிட்டது. பெல்ட்தான் நூல் தெரியத் தேய்ந்திருந்தது, ரோலர்களும் தட்டை. மூன்றையும் புதிதாகப் போட்டு மாட்டினேன், கூலி வாங்கவில்லை. மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு அந்த மேட்டில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். "மெதுவாத்தான் ஏறுது தம்பி, ஆனா ஏறுது" என்றார்.