ஸ்டியரிங் பெட்டிக்குள் தேங்கும் பழைய ஒயில்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வழியாக அக்கரைப்பற்றுக்குப் போகும் கரையோர வீதி பெரும்பாலும் சமதரை. அந்த வீதியில் ஓடும் பழைய பஸ்ஸொன்றின் பவர் ஸ்டியரிங்கில் கோளாறு இருந்தால் அது ஓட்டத்தில் வெளிப்படாது. பஸ் நிலையத்தில்தான் வெளிப்படும். சில்லுகள் உருண்டுகொண்டிருக்கும்போது அவற்றைத் திருப்புவது இலகு. ஆட்களை நிரப்பிக்கொண்டு, நின்ற இடத்திலேயே பஸ்ஸை வளைத்தெடுக்கும்போது முன் ரயர்கள் தாரில் அரைபட்டு, முழுச் சுமையையும், சாரதியின் திருப்பலைச் சில்லுகளுக்குக் கடத்தும் ஸ்டியரிங் பெட்டியின் மீது ஏற்றுகின்றன. அந்த நேரத்தில் முன்பக்கத்திலிருந்து ஒரு முனகல் எழுந்து, ஸ்டியரிங் விட்டுவிட்டு இறுகினால், கராஜில் முதலில் கிடைக்கும் ஆலோசனை "ஒயிலை மாத்துங்க" என்பதாகவே இருக்கும். ஆலோசனை சரியானதுதான். ஆனால் தாங்கியில் தெரியும் ஒயிலை மாற்றுவதும் ஸ்டியரிங்கின் ஒயிலை மாற்றுவதும் ஒன்றல்ல என்பது பலருக்கும் தெரிவதில்லை.

ஏன் ஒன்றல்ல என்பதை அறிய, ஒயில் போகும் பாதையைப் பின்தொடர வேண்டும். எஞ்சினால் சுழற்றப்படும் பம்ப், தாங்கியிலிருந்து ஒயிலை உறிஞ்சி, தடித்த ஹோஸ் வழியாக ஸ்டியரிங் பெட்டிக்கு அனுப்புகிறது. பெட்டியின் வாயிலில் ஒரு சுழல் வால்வு இருக்கிறது. சாரதி ஸ்டியரிங்கைத் திருப்பாத வரை அந்த வால்வு இரு பக்கமும் திறந்தே இருக்கும். வந்த ஒயில் அழுத்தம் ஏறாமலே திரும்பும் குழாய் வழியாகத் தாங்கிக்கு வந்துவிடும். சாரதி திருப்பத் தொடங்கியதும், வால்வுக்குள் இருக்கும் மெல்லிய உருக்குத் தண்டு சில பாகை முறுகி, ஒரு பக்கத்து வழியைத் திறந்து மறுபக்கத்து வழியை ஒடுக்குகிறது. அப்போதுதான் ஒயில், பெட்டிக்குள் நகர்ந்து சில்லுகளைத் திருப்பும் பிஸ்டனின் ஒரு பக்க அறைக்குள் தள்ளப்படுகிறது; எதிர் அறையில் இருந்த ஒயில் வெளியேற்றப்படுகிறது.

இதில் பிறக்கும் விசை சாதாரணமானதல்ல. பிஸ்டனின் விட்டம் 100 மில்லிமீற்றர், ஒயிலின் அழுத்தம் 100 பார் என்று வைத்துக்கொண்டால், அதன் முகத்தில் விழும் விசை ஏறத்தாழ 78,500 நியூட்டன், அதாவது எட்டுத் தொன் எடைக்குச் சமம். அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பஸ்கால் காட்டிய விதியே, பம்ப் தரும் அழுத்தத்தை ரயரைத் திருப்பும் பலமாக்குகிறது. ஆயினும் இங்கே நமக்கு முக்கியமானது விசையல்ல, அந்த இரு அறைகளே. நேர் வீதியில் ஒயில் வால்வைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது. அறைகளில் உள்ள ஒயில் அசையாமல் கிடக்கிறது.

மட்டக்களப்பு வாவியை அறிந்தவர்களுக்கு இது புதிய காட்சியல்ல. முகத்துவாரம் திறந்தால் பாலமீன்மடுப் பக்கத்து நீர் உடனே கடலோடு கலந்துவிடும். தெற்கே வெகுதொலைவில் கிடக்கும் நீருக்கு அந்த மாற்றம் சென்றுசேர நெடுநாள் எடுக்கும். தாங்கி முகத்துவாரம் என்றால், ஸ்டியரிங் பெட்டியின் அறைகள் அந்தத் தென்கோடி.

தாங்கியை மட்டும் உறிஞ்சி நிரப்புவதால் என்ன கிடைக்கும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். தொகுதி முழுவதிலும் 4 லீற்றர் ஒயில் இருக்கிறது, தாங்கியிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒன்றரை லீற்றர் எடுக்க முடிகிறது என்று கொள்வோம். முதல் மாற்றத்துக்குப் பின் பழைய ஒயிலில் 62.5 சதவீதம் எஞ்சியிருக்கும். இரண்டாவதன் பின் 39, மூன்றாவதன் பின் 24, ஐந்தாவதன் பின்னும் ஏறத்தாழ 10 சதவீதம். ஏழரை லீற்றர் புதிய ஒயிலைச் செலவழித்த பிறகும் பத்தில் ஒரு பங்கு அழுக்கு உள்ளேதான். அதுவும், ஒவ்வொரு முறையும் பழையதும் புதியதும் நன்றாகக் கலந்துவிட்டன என்று தாராளமாக எடுத்துக்கொண்டால்தான்.

பழைய ஒயிலில் அப்படி என்ன இருக்கிறது? வெப்பத்தாலும் காற்றாலும் ஒயில் மெல்ல ஒட்சியேற்றமடைந்து கறுத்து, வால்வின் ஓரங்களில் பிசின்போல் படிகிறது. பம்பின் தகடுகளிலிருந்து தேய்ந்த உலோகத் துகள்கள் மிதக்கின்றன. ஹோஸின் உட்புற இறப்பர் உதிர்கிறது. தாங்கி மூடி சரியாக இறுகாவிட்டால் மாரி மழையும், சேர்விஸ் நிலையத்தில் பாய்ச்சும் தண்ணீரும் உள்ளே இறங்கி ஒயிலைப் பால்போலாக்கிவிடும். வால்வின் இடைவெளிகள் மனிதத் தலைமயிரின் தடிப்பைவிடச் சிறியவை. ஆகவே கண்ணுக்குத் தெரியாத துகளும் அங்கே கீறல் போடும்.

முறையான மாற்றம் முன் அச்சை உயர்த்துவதில் தொடங்குகிறது. பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, முன் சில்லுகள் இரண்டும் நிலத்தைத் தொடாதபடி ஜக்கினால் தூக்கி, அச்சுக்குக் கீழே உறுதியான தாங்குகட்டைகளை நிறுத்த வேண்டும். கல்லடியிலிருந்து கல்முனை வரை கராஜ்கள் பலவற்றின் நிலம் மணல். ஜக்கின் அடியில் அகன்ற தடித்த பலகை போடாமல் ஒரு பஸ்ஸைத் தூக்குவது, ஒயிலைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னரே ஆளைக் கொல்லக்கூடிய வேலை. சில்லுகளைத் தூக்குவதன் பயன் பாதுகாப்போடு தொடர்பற்றது: சுமை இல்லாதபோது ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை குறைந்த அழுத்தத்திலேயே திருப்ப முடிகிறது.

பிறகு தாங்கியை வெறுமையாக்கி, பில்டரைக் கழற்றி எறிந்து, அடியில் படிந்த சேற்றை நூல் உதிராத துணியால் துடைக்க வேண்டும். திரும்பும் குழாயைத் தாங்கியிலிருந்து கழற்றி ஒரு கானுக்குள் விட்டு, தாங்கியில் அந்தக் குழாய்க்குரிய துளையை அடைத்துவிட வேண்டும். இப்போது ஓட்டம் வட்டமல்ல, நேர்கோடு: மேலே புதியது ஊற்றப்படுகிறது, கீழே பழையது வெளியேறுகிறது. ஒருவர் ஊற்ற, ஒருவர் ஸ்டியரிங்கை இரு கோடிகளுக்கும் மெதுவாகத் திருப்ப, எஞ்சினைச் சில வினாடிகள் மட்டும் மெதுவாக ஓடவிட்டு நிறுத்த வேண்டும். தாங்கி ஒரு கணமும் வற்றக் கூடாது. ஒயிலின்றிச் சுழலும் பம்ப் தன்னைத் தானே தின்றுவிடும். ஒவ்வொரு முழுத் திருப்பமும் ஓர் அறையைக் காலிசெய்து மற்றதை நிரப்புகிறது என்பதால், கானில் விழும் ஒயில் அலையலையாக நிறம் மாறும். தெளிந்து வந்த ஒயில், ஸ்டியரிங்கை மறுகோடிக்குத் திருப்பியதும் மீண்டும் கறுத்து வருவதை நான் களுவாஞ்சிகுடியில் ஒரு கராஜில் நின்று பார்த்தேன். அந்தக் கறுப்பு அறைக்குள் கிடந்தது. அங்கே நிறுத்தியிருந்தால் வேலை பாதி.

மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிக் கழுவும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது வேண்டாம். பம்பின் உராய்வைத் தடுக்கும் ஒயில் படலத்தை அவை கழுவிவிடுகின்றன; அறைகளில் எஞ்சிப் புதிய ஒயிலையும் நீர்த்துப்போகச் செய்கின்றன. பிரேக் ஒயில் அதைவிடக் கேடு, கனிம ஒயிலுக்கெனச் செய்யப்பட்ட சீல்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும். எந்த ஒயில் பொருத்தம் என்பதைத் தயாரிப்பாளரின் கைந்நூலே தீர்மானிக்க வேண்டும்: சில பெட்டிகளுக்கு ஒட்டோமெற்றிக் கியர்பொக்ஸ்களில் பயன்படும் சிவப்பு ஏ.ரி.எஃப். ஒயில், வேறு சிலவற்றுக்கு எஞ்சின் ஒயில். சிவப்பு நிறம் அடையாளத்துக்காகச் சேர்க்கப்படும் சாயம் மட்டுமே. சிவப்பாக இருப்பதெல்லாம் சரியான ஒயிலாகிவிடாது.

அழுக்கு போன இடத்தில் இப்போது காற்று வந்து உட்கார்ந்திருக்கும். ஒயில் அழுத்தத்துக்குச் சுருங்குவது மிகச் சொற்பம். காற்றோ 100 பாரில் நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதனால் காற்றுக் கலந்த ஒயில் தள்ளுவதற்கு முன் பஞ்சுபோல் அமுங்குகிறது, பம்பும் முனகுகிறது. குழாயை மீண்டும் பூட்டி, புதிய பில்டர் போட்டு, குறி வரை நிரப்பிய பின், எஞ்சினை இயக்காமலே பத்துப் பதினைந்து தடவை ஸ்டியரிங்கைக் கோடிக்குக் கோடி மெதுவாகத் திருப்புவது நல்லது. மெதுவாக என்பதை இங்கே வற்புறுத்தக் காரணம் உண்டு. வேகமாகத் திருப்பினால் பெரிய குமிழிகள் உடைந்து நுண்குமிழிகளாகும். திரவத்தில் மேலேறும் வேகமோ குமிழியின் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகும். ஒரு மில்லிமீற்றர் குமிழி சில வினாடிகளில் கடக்கும் 10 சென்ரிமீற்றர் உயரத்தை, 0.1 மில்லிமீற்றர் குமிழி கடக்கப் பத்து நிமிடமளவில் ஆகும். தாங்கியில் நுரை கண்டால் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போவதே திறமையான வைத்தியம்.

எஞ்சின் ஓடும்போது ஸ்டியரிங்கைக் கோடியில் ஐந்து வினாடிகளுக்கு மேல் பிடித்து வைக்கக் கூடாது என்பதும் வெறும் எச்சரிக்கையல்ல. கோடியில் பிஸ்டன் அசைய இடமில்லை. பம்ப் அனுப்பும் ஒயில் முழுவதும் உச்ச அழுத்தத்தில் பாதுகாப்பு வால்வின் வழியே திரும்புகிறது. நிமிடத்துக்கு 16 லீற்றர், 120 பார் என்றால் அது 3,200 வாட். வேலை எதுவும் நடக்காததால் அத்தனையும் வெப்பமாகிறது. அந்த வால்வு பம்புக்குள்ளேயே இருக்கும் வகைகளில், கொஞ்ச ஒயிலே திரும்பத் திரும்பச் சுற்றிச் சுடுகிறது.

காற்று முழுவதும் போய்விட்டதா என்று அறிய எளிய சோதனையொன்று உண்டு. எஞ்சின் ஓடும்போது தாங்கியின் மட்டத்தைக் குறித்து, நிறுத்திய பின் மீண்டும் பார்க்க வேண்டும். மட்டம் ஓரிரு சென்ரிமீற்றர் ஏறினால் கவலையில்லை. அதற்கு மேல் ஏறினால், அமுங்கிக் கிடந்த காற்று விரிந்து ஒயிலைப் பின்னோக்கித் தள்ளியிருக்கிறது. திருப்பும் வேலையை மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

வடித்த ஒயிலைக் கானில் மூடி வைத்துப் பழைய ஒயில் சேர்ப்பவர்களிடம் கொடுக்கலாம். வாய்க்காலில் ஊற்றினால் அது வாவிக்கே போகும்.

சில வாரங்கள் ஓடிய பின், புதிதாகப் போட்ட பில்டரைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். மினுங்கும் துகள் இருந்தால் பம்ப் தேய்ந்துகொண்டிருக்கிறது. கறுத்த இறப்பர்த் துணுக்குகள் இருந்தால் ஹோஸின் உட்சுவர் உரிகிறது. இரண்டில் எது இருந்தாலும் முனகலுக்குக் காரணம் ஒயிலல்ல. அடுத்த முறை கழற்ற வேண்டியது அந்தப் பாகத்தை.