ஒரே கேன், ஒரே நாள்: ஒன்று நின்றது, ஒன்று உரிந்தது

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பத்து வயதான காரின் உட்புறம் வெளுத்துப்போனதால் ஸ்பிரே கேன் ஒன்று வாங்கி, கியர் லிவரைச் சுற்றியுள்ள கன்சோலையும் ஏசி துவாரங்களின் சட்டங்களையும் கழற்றிக் கறுப்பு அடித்தாராம். ஒரே கேன், ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே மொட்டைமாடி. மூன்று மாதத்தில், கன்சோலில் சாவி உரசிய இடத்திலிருந்து பெயின்ட் பாம்புச் சட்டைபோல ஏடாகக் கழன்று வந்துவிட்டது. ஏசி சட்டங்களிலோ ஒரு கீறல்கூட இல்லை. பெயின்ட் கடைக்காரர் தந்த விளக்கம்: "கன்சோலை ராகு காலத்தில் அடித்திருப்பீர்கள்."

ஞாயிறு ராகு காலம் மாலை நாலரைக்குத்தான் தொடங்குகிறது. வாசகர் காலை பதினோரு மணிக்கே வேலையை முடித்துவிட்டாராம். ஆகவே வேறு காரணம் தேடுவோம்.

பெயின்ட் முதலில் பரவ வேண்டும், பிறகு பிடிக்க வேண்டும். முதலாவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, இரண்டாவதும் நடந்துவிட்டதாக நம்பிவிடுகிறோம். ஒரு திரவம் தன்னைத்தானே இழுத்துச் சுருக்கிக்கொள்ளும் விசை பரப்பு இழுவிசை; திண்மப் பரப்பு திரவத்தை ஈர்க்கும் வலு அதன் பரப்பு ஆற்றல். முதலாவது இரண்டாவதைவிடக் குறைவாக இருந்தால் திரவம் நன்றாகப் பரவும். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறக்குறைய 72 மில்லிநியூட்டன். பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கின் பரப்பு ஆற்றல் அதே அளவுகோலில் 30-ஐ ஒட்டியே இருக்கிறது. அதனால் அதன்மேல் தண்ணீர் முத்து முத்தாகத் திரள்கிறது. ஆனால் பெயின்டில் உள்ள சைலீன், டொலுவீன் போன்ற கரைப்பான்களின் இழுவிசையும் 30-க்குச் சற்றுக் கீழேதான். அவை அழகாகப் பரவிவிடும். தாமரை இலைத் தண்ணீராவது ஒட்டமாட்டேன் என்று நேர்மையாக உருண்டு ஓடுகிறது. பெயின்ட் ஒட்டியதுபோல நடிக்கிறது. கரைப்பான் ஆவியானதும் மிஞ்சும் பிசினுக்குப் பிடிமானம் இல்லை.

இரும்பின்மேல் எப்போதும் மெல்லிய ஆக்சைடு படலம் இருப்பதால் பிசினின் மூலக்கூறுகள் அதனுடன் ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்ளும். ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் மின்முனைவு உள்ள, அதனால் பிசினை ஈர்க்கக்கூடிய நைட்ரைல் தொகுதிகள் உண்டு. கரைப்பான் பட்டால் அது இளகிப் பெயின்டை உள்ளேயும் விடும். பாலிபுரொப்பிலீனிலோ வெறும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். கைகொடுக்க அங்கே யாரும் இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் பெரும்பாலும் பஞ்சுபோல இழைதான் கிளம்பும்.

இந்தப் பிடிவாதக்காரப் பிளாஸ்டிக்குக்கு வழிதிறந்தவர் வேதியியலாளர் கார்ல் சீக்லர். ஜெர்மனியின் ம்யூல்ஹைமில் நிலக்கரி ஆய்வு நிறுவனம் ஒன்றின் இயக்குநராக அழைத்தபோது, நிலக்கரி மட்டுமல்ல, தனக்குப் பிடித்த எந்தக் கார்பன் சேர்மத்தையும் ஆராய்வேன் என்று நிபந்தனை போட்டுத்தான் பொறுப்பேற்றார். 1953-இல் அவர் குழுவின் சோதனை ஒன்றில் எதிர்பாராத விளைவு வந்தது. கலனில் ஒட்டியிருந்த நிக்கல் துணுக்குதான் காரணம் என்று துரத்திப் பிடித்தவர்கள், சிறு மூலக்கூறுகளை நீண்ட சங்கிலியாகக் கோக்கும் புதிய வினையூக்கிகளுக்கு வந்து சேர்ந்தார்கள். 1954-இல் மிலானில் ஜூலியோ நாட்டா அதே வழியில் பாலிபுரொப்பிலீன் படைத்தார். 1963-இல் இருவருக்கும் நோபல் பரிசு. "இதனால் நாட்டுக்கு உடனே என்ன பயன்?" என்று விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே கேட்கும் நம் ஆராய்ச்சி நிதிக்குழுக்களுக்கு இந்தக் கதையை யாராவது படித்துக் காட்டலாம்.

சரி, ஒட்டாததை ஒட்டவைப்பது எப்படி? என்னை மயக்கிய பகுதி இதுதான். பிளாஸ்டிக் பிரைமர் என்று நிறமில்லாத திரவமாக விற்பதில் பெரும்பாலும் குளோரின் ஏற்றிய பாலிஒலிஃபின் இருக்கிறது. அதாவது பாலிபுரொப்பிலீன் போன்ற சங்கிலிதான். அங்கங்கே ஹைட்ரஜனுக்குப் பதில் குளோரின். கயிறு திரிப்பவர் பழைய கயிற்றோடு புதியதை இணைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? முடிச்சுப் போடமாட்டார். நுனியைப் பிரித்து, புது நாரை உள்ளே செருகி, முறுக்கிவிடுவார். இங்கே பிரிக்கும் வேலை சைலீனுடையது. அது பிளாஸ்டிக்கின் மேல்தோலை லேசாக ஊதவைக்கிறது. நெருங்கிக் கிடந்த சங்கிலிகளுக்கு இடையே இடைவெளி பிறக்கிறது. பிரைமரின் சங்கிலிகள், ஒரே குலம் என்பதால், தடையின்றி நுழைகின்றன. சைலீன் ஆவியாகிறது, தோல் மீண்டும் இறுகுகிறது, நுழைந்தவை சிக்கிக்கொள்கின்றன. பசையும் இல்லை, வேதிப்பிணைப்பும் இல்லை, வெறும் பின்னல். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குளோரின் பகுதிகள் பெயின்டின் பிசினைப் பிடித்துக்கொள்கின்றன. ஒரு கை உறவுக்கு, ஒரு கை ஊருக்கு.

அதனால்தான் பிரைமரை மெல்லிசாக அடிக்கச் சொல்கிறார்கள். அந்தப் படலத்துக்குத் தன்னளவில் வலு குறைவு. தடிமனாக அடித்தால் அதுவே நடுவில் பிளந்துகொள்ளும். பம்பர் செய்யும் தொழிற்சாலைகளில் சில நேரம் பிரைமருக்குப் பதிலாகச் சுடரால் ஒரு நொடி வருடி, பரப்பிலேயே ஆக்சிஜன் தொகுதிகளை முளைக்கச் செய்வதும் உண்டு. வீட்டில் யாரும் லைட்டரோடு இறங்கிவிட வேண்டாம்.

இன்னொரு எதிரி டாஷ்போர்டு பாலிஷ். அதிலுள்ள சிலிக்கோன் எண்ணெயின் இழுவிசை 20-ஐ ஒட்டியது. அதன் துளி இருக்கும் இடத்திலிருந்து பெயின்ட் சுற்றிலும் விலகி ஓடி, மீன்கண்போல வட்டக் குழி விழும். என் காரில் ஒரு கதவுச் சட்டம் முழுக்க இப்படி விழுந்து, எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தேன். சோப்பு நீர், பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்று துடைத்தபின்தான் பிரைமர். கழற்றி, காற்றோட்டமான இடத்தில், முகமூடியோடு அடியுங்கள். ஏர்பேக் மூடியை மட்டும் தொடவே தொடாதீர்கள்.

வாசகரிடம் இரண்டு துண்டுகளையும் திருப்பி முதுகைப் பார்க்கச் சொன்னேன். படம் அனுப்பினார். ஏசி சட்டத்தில் 'ஏபிஎஸ்'. கன்சோலில் 'பிபி+ஈபிடிஎம்-டி20': பாலிபுரொப்பிலீன், கொஞ்சம் ரப்பர், நூற்றுக்கு 20 பங்கு டால்க். ஆம், முகத்துக்குப் போடும் பவுடரில் இருந்த அதே டால்க்தான்.