நாலு பிள்ளைப் படத்தைக் கிழித்துப் போடுங்கள்

"நாலுக்கு ஒண்ணுன்னுதானே சொன்னாங்க டாக்டரே? அதான் மூத்தவனுக்கே வந்துடுச்சே. அப்புறம் எப்படி இவளுக்கும்?"

நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் ஒரு பாடியிலிருந்து, அதாவது பழங்குடிக் குடியிருப்பிலிருந்து, வந்த தகப்பன் போன வாரம் என்னிடம் கேட்டது இது. அவர் மடியில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. இரண்டு கையிலும் விரல்கள் வீங்கி, தொட்டாலே அலறியது. மூத்த பையனுக்கு சிக்கிள் செல் நோய் இருப்பது முன்பே தெரியும். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகிற பரம்பரை நோய் அது, அரிவாள் செல் ரத்தசோகை என்பதும் இதைத்தான். அப்போதே யாரோ பெற்றோரை உட்கார வைத்து விளக்கி, ஒரு நோட்டீஸும் கொடுத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் கவரில் ரேஷன் கார்டோடு அதைப் பத்திரமாக வைத்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். எதிர்பார்த்ததுதான். மேலே அப்பா, அம்மா. கீழே வரிசையாக நாலு பிள்ளைகள். ஒரு பிள்ளை முழுச் சிவப்பு, இரண்டு பாதிச் சிவப்பு, ஒன்று வெள்ளை.

இந்தப் படத்தோடு எனக்குப் பழைய பகை. பாடப்புத்தகத்தில் மெண்டல் பட்டாணியை விளக்க வைத்த கட்டத்தை யாரோ குடும்பப் போட்டோ மாதிரி வரைந்துவிட்டார்கள். அப்பா, அம்மா, நாலு பிள்ளைகள் என்று வரைந்தால் பார்க்கிறவர் குடும்பம் என்றுதான் படிப்பார். நாலு பெற்றால் ஒன்றுக்கு வரும், அந்த ஒன்று முதலிலேயே வந்துவிட்டால் மீதி மூன்றும் தப்பித்தன. அந்தத் தகப்பன் படத்தைத் தப்பாகப் படிக்கவே இல்லை. படம் சொன்னதை அப்படியே நம்பினார்.

இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். படித்தவர்களும் இங்கேதான் வழுக்குகிறார்கள். பயிற்சிக்கு வரும் ஹவுஸ் சர்ஜன்களிடம் கேட்டுப் பாருங்கள், சரளமாக "இருபத்தைந்து சதவீதம்" என்பார்கள். "மூன்று பிள்ளைகள் நன்றாக இருக்கின்றன, நாலாவதுக்கு?" என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். நோய் இல்லாமல், நோய்க்கான மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவர்தான் கேரியர். அப்பா, அம்மா இருவரும் கேரியர் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. கேரியராகப் பிறக்க நாலில் இரண்டு பங்கு. ஒன்றுமே இல்லாமல் பிறக்க நாலில் ஒரு பங்கு. அடுத்த கர்ப்பத்தில் மறுபடி முதலிலிருந்து அதே கணக்கு. முன்னால் பிறந்த பிள்ளைக்கு என்ன வந்தது என்று கருவுக்குத் தெரியாது.

கணக்காகவே போட்டுப் பார்ப்போம். இப்படிப்பட்ட பெற்றோருக்கு நாலு நாலு பிள்ளைகள் உள்ள 100 குடும்பங்களை எடுத்துக்கொண்டால், சராசரியாக 32 குடும்பங்களில் ஒரு பிள்ளைக்கும் நோய் இருக்காது. 26 குடும்பங்களில் இரண்டு அல்லது அதற்கு மேல் பாதிக்கப்பட்டிருக்கும். நோட்டீஸில் உள்ளபடி சரியாக ஒரே ஒரு பிள்ளைக்கு நோய் என்பது 42 குடும்பங்களில்தான். அதாவது அந்தப் படம் பாதிக் குடும்பங்களுக்குக்கூடப் பொருந்தாது. இதைத்தான் ஆயிரக்கணக்கில் அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

படத்துக்குப் பதிலாக நாங்கள் செய்வது இதுதான். இரண்டு டம்ளர், ஒன்று அம்மாவுக்கு, ஒன்று அப்பாவுக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு மணி, ஒரு வெள்ளை மணி. கண்ணை மூடிக்கொண்டு இரண்டிலிருந்தும் ஒவ்வொன்று எடுக்க வேண்டும். இரண்டும் சிவப்பு என்றால் நோய். ஒன்று சிவப்பு என்றால் கேரியர். பார்த்த பிறகு மணிகளைத் திரும்ப அதே டம்ளரில் போட வேண்டும். உயிர் அந்தத் திரும்பப் போடுவதில்தான் இருக்கிறது. அவசரத்தில் அதை விட்டுவிட்டால் பழைய படத்தையே மணியால் வரைந்த மாதிரி ஆகிவிடும். கணவன் மனைவி இருவரும் தங்கள் கையாலேயே ஏழெட்டு முறை எடுக்கட்டும். அடுத்தடுத்து இரண்டு தடவை சிவப்பு ஜோடி வரும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். அதற்கு மேல் நீங்கள் பேச வேண்டியதே இல்லை.

முதலில் இதற்கு மணி கிடையாது. ஓர் ஆராய்ச்சி மாணவர் தோட்டத்திலிருந்து பழுத்த காப்பிப் பழமும் பச்சைக் காயும் பறித்து வந்து செய்து காட்டினார். பார்த்துக்கொண்டிருந்த, பனியர் பழங்குடியைச் சேர்ந்த பாட்டி ஒருவர் சிரித்துவிட்டார். "பழம் மெத்துன்னு இருக்கும் மோனே, கண்ண மூடினாலும் கைக்குத் தெரியும்." காலமெல்லாம் காப்பி பறித்த கை. பரிசோதனையில் இருந்த ஓட்டையை ஒரே பார்வையில் பிடித்துவிட்டார். ஆய்விதழில் கட்டுரையைச் சரிபார்க்கிறவர்கள் கேட்கும் கேள்வி இதுதான். அதனால், "இவர்களுக்கு எங்கே சார் புரியப்போகிறது" என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம். சொன்னால் கோபம் வருகிறது. புரியாமல் போனால் சொன்ன விதத்தில் கோளாறு என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது எரிச்சல், பாதிச் செய்தி. ஊருக்குள் நடத்தும் பரிசோதனை முகாமில் செய்வது கரைதிறன் சோதனை. ஒரு துளி ரத்தத்தை மருந்துக் கரைசலில் விட்டு, குழாய்க்குப் பின்னால் கோடு போட்ட தாளைப் பிடிப்பார்கள். கோடு தெரிந்தால் இல்லை, கலங்கிக் கோடு மறைந்தால் இருக்கிறது. அவ்வளவுதான். கேரியருக்கும் கலங்கும், நோயாளிக்கும் கலங்கும். எது என்று சொல்ல, ஹீமோகுளோபினை வகை பிரித்துக் காட்டும் எலக்ட்ரோஃபோரெசிஸ் அல்லது எச்.பி.எல்.சி. என்ற ஆய்வகச் சோதனை செய்தாக வேண்டும். அந்த ரிப்போர்ட் வர நாளாகும். அதற்குள் "பாசிட்டிவ்" என்கிற ஒற்றைச் சொல் பாடி முழுக்கச் சுற்றிவிடும். அப்படி ஒரு பெண்ணுக்குப் பேசி வைத்திருந்த கல்யாணம் நின்றது. அவள் வெறும் கேரியர். மாப்பிள்ளைப் பையனுக்கு எதுவுமே இல்லை. அவர்களுக்குப் பிறக்கும் எந்தக் குழந்தைக்கும் சிக்கிள் செல் நோய் வராது. ஐந்து நிமிடம் பேசியிருந்தால் முடிந்திருக்கிற விஷயம். ஆனால் மேலே இருந்து கேட்கிறவர்கள் எத்தனை பேருக்கு ரத்தம் எடுத்தீர்கள் என்றுதான் கேட்கிறார்கள், எத்தனை பேருக்கு விளக்கினீர்கள் என்று கேட்பதில்லை.

இந்தியாவில் சிக்கிள் செல் இருப்பதை உலகத்துக்குச் சொன்னதே நம் நீலகிரி ரத்தம்தான். 1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் இந்த மலையின் பழங்குடிகளிடம் கண்டறிந்து பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். அதற்குப் பிறகு வந்துபோன ஆய்வுக் குழுக்கள் எத்தனையோ. "ரத்தம் எடுத்துட்டுப் போனாங்க, அப்புறம் வரல" என்று எந்தப் பாடியிலும் ஒருவர் சொல்வார். இப்போது தேசியத் திட்டமும் வந்திருக்கிறது. 2023 ஜூலை 1 அன்று தொடங்கினார்கள். 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது, 2047க்குள் ஒழிப்பது என்று இலக்கு. நல்ல விஷயம்தான், சந்தேகமில்லை. ஆனால் 7 கோடிப் பேருக்கும் அந்த நாலு பிள்ளைப் படத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பத்திரிகை நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. "மர்ம நோயின் பிடியில் மலைக்கிராமம்" என்று போடாதீர்கள். இதில் ஒரு மர்மமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் புரதத்தில் எந்த அமினோ அமிலம் மாறுகிறது என்பது 1950களிலேயே தெரிந்துவிட்டது. "பழங்குடி நோய்" என்றும் எழுதாதீர்கள். பக்கத்து வயநாட்டில் செட்டிகளிடமும் உண்டு, ஆப்பிரிக்காவில் உண்டு, சவூதியில் உண்டு. மலேரியா ஆட்டிவைத்த ஊர்களில் இந்தக் கேரியர்கள்தான் அதிகம் பிழைத்தார்கள், அதனால்தான் இங்கே இவ்வளவு பேருக்கு இருக்கிறது. குடும்பங்களிடம் நான் இதைத் தவறாமல் சொல்வேன். தலை குனிந்து கேட்டுக்கொண்டிருப்பவர் இதைக் கேட்டதும் நிமிர்ந்து பார்ப்பார்.

சரி, இனி விளக்கப் போகிறவர்களுக்கு. ஆய்வு மாணவர், நர்ஸ், ஆஷா, டாக்டர் எல்லோருக்கும்தான். ரத்தம் எடுக்கும்போதே முடிவு எப்போது வரும், யார் கொண்டுவந்து கொடுப்பார் என்று சொல்லிவிடுங்கள். சொன்ன தேதியில் போங்கள். முடிவைத் தனியாகச் சொல்லுங்கள், கூட்டத்தில் பெயர் படிக்காதீர்கள். பெண்ணை மட்டும் கூப்பிட்டு விளக்கி அனுப்பினால் வீட்டில் பழி அவள் தலையில்தான் விழும். இரண்டு பேரையும் உட்கார வையுங்கள். பனிய மொழியோ காட்டுநாயக்கர் மொழியோ தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் அவர் அதே குடும்பத்துக்காரராக இருக்க வேண்டாம். "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். "வீட்டுக்குப் போய் உங்க மாமியார்கிட்ட என்ன சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். அவர்கள் வாயால் வருவதுதான் நீங்கள் உண்மையில் சொன்னது.

குடும்பங்களுக்கும் சில விஷயம். கேரியர் நோயாளி இல்லை, சிகிச்சையும் தேவையில்லை. நோய் உள்ள பிள்ளைக்கு, வலி அடிக்கடி வராமல் தடுக்கும் ஹைட்ராக்ஸியூரியா மருந்து எழுதியிருந்தால் வலி இல்லாத நாளிலும் கொடுக்க வேண்டும். வலி போனதும் நிறுத்துகிறவர்கள்தான் மறுபடி வந்து படுக்கிறார்கள். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். ஊட்டிக்குப் போனால் ஸ்வெட்டர் கட்டாயம். குளிர் இவர்களுக்கு ஆகாது. காய்ச்சல் வந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள், இரவோடு இரவாக வாருங்கள். ரத்தசோகை என்ற பெயரைப் பார்த்துவிட்டு நீங்களாக இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். ஆறு மாதத்துக்குள் உள்ள கைக்குழந்தைக்கு முகாம் சோதனையில் "இல்லை" என்று வந்தால் அதை நம்ப வேண்டாம், பிறகு மறுபடி பார்க்க வேண்டும்.

கணவன் மனைவி இருவரும் கேரியர் என்று தெரிந்த பிறகு மறுபடி கர்ப்பம் என்றால், நாள் தள்ளிப்போனதுமே வந்துவிடுங்கள். 10 முதல் 12 வாரத்துக்குள் என்றால் கருவுக்கு நோய் இருக்கிறதா என்று பரிசோதித்துப் பார்க்க முடியும். பார்ப்பதா வேண்டாமா, பார்த்த பிறகு என்ன செய்வது என்பது உங்கள் இருவரின் முடிவு, எங்களுடையது அல்ல. ஆனால் யோசிக்க நாள் வேண்டாமா? ஏழாம் மாதம் ஜீப் பிடித்து வந்து நின்றால், நான் என்ன செய்யட்டும் சொல்லுங்கள்.