ஒரு டம்ளர் உடைந்ததற்கா இத்தனை அழுகை?

"கண்ணாடி டம்ளர் கைதவறி விழுந்து உடைஞ்சிருச்சு மேடம். அதுக்குப் போய் முக்கால் மணி நேரம் அழுதேன். எனக்கு ஏதாவது ஆயிருச்சா?"

கேட்டவர் தனியார் பள்ளி ஆசிரியை, நாற்பதை நெருங்குகிறவர். (அவர் சம்மதத்துடன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.) பிடரி வலிக்கு எலும்பு மருத்துவரைப் பார்த்திருக்கிறார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றதும் மனநல ஆலோசனைக்கு என்னிடம் அனுப்பினார்கள். வீட்டில் கடன் தொல்லை இல்லை, கணவர் குடிப்பவரும் இல்லை. "பெரிய பிரச்சினைன்னு எதுவுமே இல்லையே" என்பதுதான் அவரை இன்னும் வாட்டியது.

ஒரே ஒரு நாளை மட்டும் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். பழைய பள்ளி டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வந்தார். 4.30: குழாய்த் தண்ணீர், மோட்டார் போட எழுந்தது. 6.10: கேஸ் தீர்ந்தது. 7.40: மகன் ஷூ போட மாட்டேன் என்றது. 8.25: வகுப்பு வாசலிலேயே ஒருங்கிணைப்பாளர் சத்தம் போட்டது. மதியம்: டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. இரவு 10.15: வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெற்றோர், "மிஸ், ஹோம்வொர்க் என்ன?" மொத்தம் 17 வரிகள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே மூச்சு விடக்கூட இடமில்லை.

மன அழுத்தம் வந்தால் அட்ரினலின், கார்டிசோல் என்ற ஹார்மோன்கள் ஏறும். அது உடம்பு நமக்குச் செய்யும் உதவி. ஏறியது இறங்கவும் வேண்டும், அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். இறங்குவதற்குள் அடுத்தது வந்துகொண்டே இருந்தால் உடம்பு தேயத் தொடங்குகிறது. இந்தத் தேய்மானத்துக்கு ஆய்வாளர்கள் புரூஸ் மெக்யூவனும் எலியட் ஸ்டெல்லரும் 1993இல் 'அலோஸ்டாடிக் லோட்' என்று பெயர் வைத்தார்கள். எரிச்சல், தூக்கக் குறைவு, தசை இறுக்கம் எல்லாம் இதோடு சேர்ந்து வரும். ஆசிரியை அழுதது பதினெட்டாவது வரிக்காக.

நம் ஊரில் மன உறுதி என்றாலே தாங்கிக்கொள்வது என்றுதான் பழக்கியிருக்கிறோம். "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று பெண்களிடம்தான் அதிகம் சொல்கிறோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மீள்திறன் என்ற சொல்லிலேயே 'மீள்' இருக்கிறது. எவ்வளவு தாங்கினீர்கள் என்று நான் கேட்பதில்லை. ஒன்று முடிந்து அடுத்தது வருமுன் திரும்பி வர முடிகிறதா என்றுதான் பார்க்கிறேன்.

அதனால் முதலில் இடைவெளி தேடினோம். பள்ளி விட்டு வரும் வழியில் ஒரு பிள்ளையார் கோயில். வண்டியை நிறுத்தி, படியில் பத்து நிமிடம். போன் பைக்குள்ளேயே இருக்கட்டும். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்ட வேண்டும். மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே குறையும். "பத்து நிமிஷம் லேட்டானா வீட்டுல கேப்பாங்களே" என்றார். கேட்டால், உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லுங்கள் என்றேன். அதைச் சொல்லிப் பழக அவருக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

அப்புறம் சொற்கள். எதைக் கேட்டாலும் "ஒரே டென்ஷன்" என்பார். டென்ஷன் என்ற சொல்லைத் தவிர்த்து வேறு எது சொன்னாலும் சரி என்றேன். எரிச்சலா, சலிப்பா, பயமா, ஆதங்கமா? 8.25 வரிக்கு வந்தபோது வெகுநேரம் பேசவில்லை. துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். "அவமானம் மேடம். பிள்ளைங்க பார்த்துக்கிட்டு இருந்தாங்க." அதற்கு முன் அதை யாரிடமும் சொன்னதில்லை, தன்னிடம்கூட. மாத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், முகத்தில் தெரியும் உணர்ச்சிக்குப் பொருத்தமான சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது பயம் போன்ற உணர்ச்சிகளில் பங்குள்ள மூளைப் பகுதியான அமிக்டலாவின் பரபரப்பு குறைந்தது. பெயர் கிடைத்தால் செய்ய வேண்டியதும் தெரிகிறது. எரிச்சலுக்கு ஓய்வு போதும், அவமானத்துக்குப் பேச வேண்டும். அடுத்த வாரம் ஒருங்கிணைப்பாளரிடம் தனியாகப் போய், "திட்டணும்னா ஸ்டாஃப் ரூம்ல கூப்பிட்டுச் சொல்லுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

மூன்றாவது, ஓர் ஆள். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வறுமையும் குடும்பச் சிக்கலும் சூழ வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தார்கள். அவர்களுக்குப் பாட்டியோ ஆசிரியரோ, நிபந்தனையின்றி நேசித்த ஒருவராவது இருந்தார். பெரியவர்களுக்கும் அப்படி ஓர் ஆள் வேண்டும். ஆசிரியைக்குச் சித்தி இருந்தார். மூன்று வருடமாகப் பேசவில்லை, சண்டை ஒன்றும் இல்லை, நேரம் இல்லை, அவ்வளவுதான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, எதிலும் பிடிப்பு எல்லாம் போய்விட்டாலோ, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ, கோயில் படி போதாது. 14416க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவை, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

நான்காவது சந்திப்புக்குக் கணவரையும் அழைத்து வந்தார். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "இவ தைரியமா இருக்க நான் என்ன சொல்லணும் மேடம்?" என்று அக்கறையோடுதான் கேட்டார். எதுவும் சொல்ல வேண்டாம் என்று டைரியை அவரிடம் கொடுத்தேன். முதல் வரியிலேயே வெகுநேரம் நின்றார். "தண்ணி நாலரைக்கா வருது?" என்றார். இப்போது மோட்டார் போடுவது அவர் வேலை.