பிரஞ்ச்: ஒரு சொல்லும் ஞாயிற்றுக்கிழமை விருந்தும்

நாளிதழில் ஒரு நட்சத்திர ஓட்டலின் விளம்பரத்தைப் பார்த்த என் பெரியம்மா, “பிரெஞ்சுச் சாப்பாடு போடுகிறார்களாமே?” என்று கேட்டார். விளம்பரத்தில் இருந்தது ‘சண்டே பிரஞ்ச்’. பிரெஞ்சு மொழியைப் ‘பிரஞ்சு’ என்றே எழுதுவோரும் உண்டு என்பதால், ஈற்றில் உள்ள ஓர் உகரம்தான் இரண்டு சொற்களையும் பிரிக்கிறது. அவர் கேட்டதில் பிழையில்லை.

பிரஞ்ச் என்பது அசல் ஆங்கிலச் சொல். ‘பிரேக்ஃபாஸ்ட்’ என்பதன் தலையையும் ‘லஞ்ச்’ என்பதன் வாலையும் வெட்டி ஒட்டியது; காலை, மதியம் இரண்டுக்கும் ஈடாக உண்ணும் ஒரே வேளை உணவைக் குறிக்கும். 1895-இல் ‘ஹன்டர்ஸ் வீக்லி’ என்ற இங்கிலாந்து இதழில் கை பெரிங்கர் என்பவர் இச்சொல்லை முன்வைத்து எழுதினார். சனிக்கிழமை இரவு வெகுநேரம் கூத்தடித்தவர்கள் ஞாயிறன்று சீக்கிரம் எழவும் வேண்டாம், எழுந்ததும் கனத்த இறைச்சி விருந்தில் போய் உட்காரவும் வேண்டாம். தாமதமாகத் தேநீரில் தொடங்கிப் பேசிக்கொண்டே சாப்பிடலாம் என்பது அவர் வாதம். மறு ஆண்டே ‘பஞ்ச்’ என்ற நகைச்சுவை இதழ் இச்சொல்லைக் கையில் எடுத்து, மாணவர் வழக்கு என்று ஒரு வேறுபாட்டையும் பதிவு செய்தது: காலை உணவு நேரத்தை ஒட்டி உண்டால் ‘பிரஞ்ச்’, மதிய உணவு நேரத்தை ஒட்டி உண்டால் ‘பிளஞ்ச்’. பின்னது வழக்கொழிந்தது; ஆனால் அது நமக்கு இப்போது தேவைப்படுகிறது.

சொல் பிறப்பதற்கு முன்பே உணவு பிறந்துவிட்டது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், பிரெஞ்சு மார்க்கெட்டின் இறைச்சி வெட்டுவோர் விடியலுக்கு முன்பே வேலையைத் தொடங்கி முற்பகலில் பசித்து வருவார்கள். அவர்களுக்காக ஜெர்மனியிலிருந்து குடியேறிய மேடம் பெகே, பதினொரு மணிக்குப் பல வகைகளை வரிசையாகப் பரிமாறும் ‘இரண்டாவது காலை உணவை’ நடத்தினார். 1884-ஆம் ஆண்டின் பருத்திக் கண்காட்சிக்கு வந்த வெளியூரார் அதைத் தேடிவரத் தொடங்க, உழைப்பாளியின் சாப்பாடு சுற்றுலாப் பயணியின் சாப்பாடாக மாறியது.

இனி விலை. இத்தகைய உணவுக்குப் ‘பிரீ ஃபிக்ஸ்’ என்ற பிரெஞ்சுத் தொடர் வழங்குகிறது. ‘நிலைத்த விலை’ என்பது அதன் நேர்பொருள். அப்படியே மொழிபெயர்த்தால் தமிழில் பொருள் திரிந்துவிடும். நம் ஜவுளிக்கடையில் ‘ஒரே விலை’ என்று பலகை தொங்கினால் பேரம் பேசாதே என்று அர்த்தம். உணவகத்திலோ பண்டத்துக்குப் பண்டம் விலை இல்லை, ஆளுக்கு இவ்வளவு என்று அர்த்தம். ‘தலைக்கு விலை’ என்றால் காவல்துறை தேடும் ஆளின் நினைவு வரும். ‘ஆள்கணக்கு’ என்ற நம் பேச்சு வழக்கே போதும். பொருளும் நமக்குப் புதிதன்று. குறித்த சில வகைகளை மட்டும் தரும் பிரெஞ்சுப் ‘பிரீ ஃபிக்ஸ்’ நம் அளவுச் சாப்பாடு; வேண்டுமட்டும் எடுத்துக்கொள்ளும் ‘பஃபே’ நம் முழுச் சாப்பாடு. (பஃபே என்பது முதலில் பாத்திரங்கள் வைக்கும் பக்க மேசையின் பெயர்.)

பெரியம்மாவையும் அழைத்துக்கொண்டு அந்த ஞாயிறு போனோம். உள்ளங்கையளவு தோசை வார்த்துக்கொண்டிருந்தவரிடம் அவர் நின்றுவிட்டார். விவரம் தெரிந்தவர்களோ தோசைப் பக்கம் திரும்பாமல் நேராகப் பனிக்கட்டி மேல் அடுக்கியிருந்த இறாலுக்குப் போனார்கள். ஆள்கணக்கு விலையில் எதைத் தின்றால் கட்டும் என்ற கணக்கு தானாகவே தொடங்கிவிடுகிறது. ரசீதில் 18 விழுக்காடு வரி தனியாக நின்றது. அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஓட்டல்களின் உணவகங்களில் அதுதான் விகிதம். சாதாரண உணவகத்தில் 5 விழுக்காடு.

தமிழில் இதற்கு என்ன பெயர் சொல்வது? ‘காலைமதிய உணவு’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது இரண்டு வேளை உணவையும் குறிப்பதாகப் படுகிறதே தவிர, இரண்டுக்கும் ஈடான ஒரு வேளையைக் காட்டவில்லை. காலையையும் மதியத்தையும் ஆங்கிலேயர்போல வெட்டி ஒட்டிக் ‘காதியம்’ என்றால் கதர்க்கடை நினைவுதான் வரும். தஞ்சாவூர் தஞ்சையாவது ஒரு பெயரின் சுருக்கம். இரு சொற்களின் பாதிகளைத் தைப்பது தமிழின் பழக்கமன்று. நேரத்தைச் சொல்லும் ‘முற்பகல்’ நம்மிடம் இருக்கிறது. ‘பிறர்க்கின்னா முற்பகல் செய்யின்’ என்று குறளில் வந்த சொல். கடிகாரக் கணக்கில் ‘மு.ப.’ என்று நள்ளிரவிலிருந்தே தொடங்கினாலும், பேச்சில் நண்பகலுக்கு முந்தைய பகற்பொழுதையே குறிக்கிறது. ஆகவே வீட்டில் பத்தரை மணிக்கு ஒரே வேளையாக உண்பது முற்பகலுணவு.

ஓட்டலில் நடப்பதற்கு அப்பெயர் பொருந்துமா என்பதுதான் சிக்கல். நம் நகரங்களில் பல ஓட்டல்கள் பிரஞ்சைப் பன்னிரண்டரை மணிக்கே தொடங்குகின்றன. முற்பகல் முடிந்துவிட்டது, ‘பஞ்ச்’ கணக்கில் அது பிளஞ்ச். அதற்கு ‘ஞாயிறு விருந்து’ என்பதே நேர்மையான பெயர். காசு வாங்கிக்கொண்டு விருந்து என்பதா என்று கேட்கலாம். ஆள்கணக்கு விலைக்குப் பிரெஞ்சில் உள்ள இன்னொரு பெயர் ‘தாப்ள் தோத்’, அதாவது விருந்தளிப்பவரின் மேசை. அதில் வரும் ‘ஓத்’ என்ற சொல் விருந்தளிப்பவர், விருந்தாளி இருவரையுமே குறிக்கும். நம் ‘விருந்து’ம் அப்படித்தான், வந்தவரையும் அவருக்கு இடும் உணவையும் ஒருசேரச் சுட்டும், தொல்காப்பியத்தில் அச்சொல்லுக்குப் புதுமை என்று பொருள். ‘ஞாயிறு விருந்து, ஆள்கணக்கு, வரி தனி’ என்று விளம்பரத்தில் அச்சிட்டிருந்தால் பெரியம்மா பிரெஞ்சைப் பற்றிக் கேட்டிருக்கமாட்டார்; வரி எவ்வளவு என்று கேட்டிருப்பார்.